செயலிக்கும் பாயிரம் வேண்டும்

முன்னுரை

தேங்காய்ப்பட்டணம் ஆறும் கடலும் கூடுமிடத்தில் அமைந்த ஊர். குழித்துறையாறு இங்கேதான் அரபிக்கடலில் கலக்கிறது. மீனும் தேங்காயும் கயிறும் இவ்வூரார்க்குப் பழகிய வாணிகப் பொருள்கள். துறைமுகத்தில் இறங்கும் மீன் ஏலக்காரர் கூவ, வியாபாரி எடுக்க, வண்டியேறிச் சந்தைக்குச் செல்கிறது. அதே மீனைக் கரையில் வந்தணையும் வள்ளத்திலேயே நேராக வாங்குவோரும் உண்டு. அவ்வாறு வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்; மீனின் கண்ணைப் பார்க்கிறார்; விற்பவரின் பெயரும் வீடும் அவருக்குத் தெரியும். இம்மூன்றும் இருப்பதால் இடையில் எவருமின்றியே நம்பிக்கையோடு வாணிகம் நடந்தேறுகிறது.

இன்று நம் கைப்பேசிகளில் நிறைந்திருக்கும் செயலிகளுக்கும் இவ்விரு வழிகளும் உள்ளன. பெரும்பாலானவை கூகுள் பிளே, ஆப் ஸ்டோர் முதலிய செயலிக் கடைகளின் வாயிலாக வருகின்றன. உருவாக்கியவரின் இணையதளத்திலிருந்தே நேராகப் பெறும் வழியும் இருக்கிறது. அவ்வழி எவ்வாறு இயங்குகிறது, அதனால் வரும் நன்மை எது, கேடு எது, நம்மவர் அதனைக் கையாள வேண்டிய முறை எது என்பவற்றை மாணவர்க்கும் பெரியோர்க்கும் விளங்குமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். செயலிக்குச் செவுள் இல்லை. அதன் நன்மை தீமைகளைக் கண்ணால் காண இயலாது. அவ்வாறாயின் எதைக் கொண்டு அதனைச் சோதிப்பது என்பதே இங்குத் தலையாய வினா.

அரங்கேற்றமும் செயலிக் கடையும்

தமிழ் பயில்வோர்க்கு இதனை விளக்கத் தமிழ் மரபிலேயே சான்றுண்டு. தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் வழங்கிய பாயிரம், அந்நூல் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் என்னும் சான்றோர்க்கு ஐயமற எடுத்துரைக்கப்பட்ட செய்தியைக் கூறுகிறது. அவ்வாசானை நம் குமரி மாவட்டத்து அதங்கோட்டோடு இணைத்துப் பேசுவது மரபு. நூல் உலகிற்குச் செல்லுமுன் அதனைக் கேட்டு, ஐயம் எழுப்பி, குற்றம் களைந்து ஏற்கும் ஓர் அவை இருந்தது என்பது இதனால் பெறப்படும்.

செயலிக் கடை ஏறத்தாழ அவ்வவையின் இடத்தில் இருக்கிறது. உருவாக்கியவர் யார் எனப் பதிவு செய்கிறது. செயலியில் தீய நிரல் உண்டா எனச் சோதிக்கிறது. ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஏற்ற வடிவத்தைத் தேர்ந்து அளிக்கிறது. புதிய பதிப்பு வந்தால் தானே கொண்டு சேர்க்கிறது. பணம் பெற்றுத் தருகிறது. தீங்கு தெரியவந்தால் செயலியை நீக்குகிறது. இப்பணிகளுக்கு விலையும் உண்டு. கூகுள் பிளேயில் செயலி வெளியிடுவோர் ஒருமுறை 25 டாலர் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும். ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 டாலர். செயலிக்குள் நடக்கும் எண்மப் பொருள் விற்பனையில் இரு கடைகளும் நெடுங்காலம் 30 விழுக்காடு எடுத்துக்கொண்டன. சிறிய வருவாயுடையோர்க்கு அது 2021ஆம் ஆண்டில் 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

அவையின் சோதனையும் முற்றும் குறையற்றதன்று. கடைக்குள்ளும் தீய செயலிகள் நுழைந்து பின்னர் நீக்கப்பட்டதுண்டு. எனினும் சோதிப்பார் ஒருவர் இருக்கிறார் என்னும் நிலையே பொதுமக்களுக்குப் பெருங்காவலாக அமைகிறது.

நேர்வழி தமிழுக்குப் புதிதன்று

செயலிக் கடை என்னும் ஏற்பாடே அண்மைக் காலத்தது. ஆப்பிள் நிறுவனம் 2008 ஜூலையில் தன் கடையைத் திறந்தது. அவ்வாண்டு அக்டோபரில் கூகுளின் ஆண்ட்ராய்டு மார்க்கெட் தொடங்கியது. அதுவே 2012இல் கூகுள் பிளே எனப் பெயர் மாறியது.

தமிழ்க் கணிமையோ அதற்கு முன்னரே தழைத்துவிட்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையதளத்தின் வழியே எவர்க்கும் விலையின்றி வழங்கியது. தமிழைக் கணினியில் தட்டெழுத உதவிய அழகி, எ-கலப்பை ஆகிய மென்பொருள்கள் எந்தக் கடையின் படியையும் ஏறாமல், உருவாக்கியோரின் இணையதளங்களிலிருந்தே உலகெங்கும் உள்ள தமிழர் கைகளை அடைந்தன. கைப்பேசியில் தமிழ் எழுத வழிசெய்த செல்லினம் சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டது. அப்போது ஆப் ஸ்டோரும் இல்லை, ஆண்ட்ராய்டு மார்க்கெட்டும் இல்லை. ஆதலின் ஆக்கியோனிடமிருந்து பயில்வோனுக்கு நேராகச் செல்லும் வழியே தமிழ்க் கணிமையின் முதல் வழி எனலாம். அவ்வழி அடைபட்டால் இழப்பு நமக்கும் உண்டு.

கடையை விட்டு வெளியே வருவது ஏன்?

இதற்குரிய காரணங்களை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, ஒரே வாயிலை நம்பியிருப்பதன் இடர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி டாட் காம் நிறுவனத்தின் பாரத் மேட்ரிமோனி, முஸ்லிம் மேட்ரிமோனி, கிறிஸ்டியன் மேட்ரிமோனி முதலிய செயலிகளைக் கூகுள் நிறுவனம் 2024 மார்ச் 1ஆம் நாள் தன் கடையிலிருந்து நீக்கியது. கட்டண விதிகள் பற்றிய பிணக்கே காரணம். வேறு சில இந்திய நிறுவனங்களின் செயலிகளும் அன்று நீக்கப்பட்டன. நடுவண் அரசு தலையிட்ட பின், சில நாள்களுக்குள் அவை மீண்டும் இடம்பெற்றன. வழக்கில் எவர் பக்கம் நீதி என்பது ஒருபுறமிருக்க, தமிழ்நாட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் காரியத்திற்குப் பயன்பட்ட ஒரு சாதனம் வேற்று நாட்டு நிறுவனம் ஒன்றின் முடிவால் ஒரே நாளில் கடைத்தட்டிலிருந்து மறையக்கூடும் என்பது தெளிவாயிற்று. பேடிஎம் செயலியும் 2020 செப்டம்பர் 18 அன்று இவ்வாறு நீக்கப்பட்டுச் சில மணி நேரத்தில் திரும்பியது.

இரண்டாவது, கடை இல்லாத கைப்பேசிகள். அமெரிக்க அரசு 2019 மே மாதம் விதித்த வணிகத் தடைக்குப் பின் வெளியான ஹுவாவே கைப்பேசிகளில் கூகுள் பிளே இடம்பெறவில்லை. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம்மவர் இத்தகைய கைப்பேசியை வாங்கியிருப்பின், கூகுள் கடையில் மட்டும் உள்ள ஊர்ச்செயலி அவர்க்கு எட்டாது.

மூன்றாவது, சிறியோர்க்குள்ள தடை. 2023 நவம்பருக்குப் பின் தனிநபர் கணக்குத் தொடங்குவோர், செயலியை வெளியிடுமுன் இருபது பேரைக் கொண்டு பதினான்கு நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டுமெனக் கூகுள் விதித்தது. 2024 இறுதியில் அவ்வெண் பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டது. தரம் காக்கும் நோக்கில் எழுந்த விதியே இது. ஆயினும் தனித்துழைக்கும் மாணவர்க்கு அது பெருஞ்சுமை.

நான்காவது, பயனாளர் சிலராக இருத்தல். நம் மாணவர் ஒருவர் தேங்காய்ப்பட்டணம் முதல் நீரோடி வரையுள்ள கடற்கரைச் சொற்களைத் தொகுக்கிறார் என வைத்துக்கொள்வோம். கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்னும் காற்றுப் பெயர்கள். கட்டுமரம், வள்ளம், கரமடி என்னும் தொழிற்சொற்கள். இவ்வூர் ஈன்ற தோப்பில் முஹம்மது மீரானின் புதினங்களில் வரும் வட்டார வழக்குகள் ஆகியவற்றைப் பொருளோடும் ஒலியோடும் ஒரு செயலியாக்குகிறார். அதனைப் பயன்படுத்துவோர் சில நூற்றுவராகவே இருக்கலாம். இத்தகைய ஆக்கத்திற்கு நேர்வழி இயல்பாகப் பொருந்துகிறது.

வழங்கும் முறை

ஆண்ட்ராய்டுச் செயலி ஒன்று ஏ.பி.கே. என முடியும் பெயருடைய ஒரே கோப்பாகக் கட்டப்படுகிறது. நிரல், படம், ஒலி, எழுத்துரு அனைத்தும் அதனுள் அடங்கும். 2021 ஆகஸ்டு முதல் புதிய செயலிகளைக் கூகுள் பிளே ஏ.ஏ.பி. என்னும் வேறு வடிவில் கேட்கிறது. அதனைக் கைப்பேசியில் நேராக நிறுவ இயலாது. ஆகவே இணையதளத்தில் வைப்பதற்கு ஏ.பி.கே. கோப்பைத் தனியே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

அக்கோப்பில் உருவாக்கியவர் தம் எண்மக் கையொப்பத்தை இடுகிறார். இது பழைய ஓலைப்பையின் மேலிட்ட அரக்கு முத்திரையை ஒத்தது. முத்திரையிடும் சாவி உருவாக்கியவரிடம் மட்டுமே இருக்கும். முத்திரை சரியா எனப் பார்க்கும் வழி எல்லார்க்கும் திறந்திருக்கும். செயலியின் புதிய பதிப்பு வரும்போது, முன்பு நிறுவிய செயலியின் முத்திரையும் புதியதன் முத்திரையும் ஒத்திருந்தாலன்றி ஆண்ட்ராய்டு அதனை ஏற்காது. எனவே பிறர் எவரும் நம் செயலியின் பெயரால் புதிய பதிப்பு எனச் சொல்லித் தம் சரக்கைப் பழையதன் மேல் ஏற்ற முடியாது. சாவியை இழந்தவர் தாமே எழுதிய செயலிக்குப் புதிய பதிப்பு அளிக்கவியலாமல் தவிப்பார். பயனாளர் பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவ நேரும். அதனுள் சேர்த்து வைத்தவையும் அழியக்கூடும். ஆதலால் சாவியின் படியொன்றைப் பாதுகாப்பான வேறிடத்திலும் வைத்தல் இன்றியமையாதது. கடையிலும் இணையதளத்திலும் ஒருங்கே வழங்குவோர், இரண்டிற்கும் ஒரே முத்திரை அமையுமாறு தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும். இல்லையேல் ஒருவழி பெற்றதை மறுவழிப் பதிப்பால் புதுப்பிக்க இயலாது.

கோப்பை வைக்கும் இணையதளம் எச்.டி.டி.பி.எஸ். என்னும் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் இருத்தல் வேண்டும். இடைவழியில் எவரும் கோப்பை மாற்றாதிருக்க அது உதவும். பயனாளர் கோப்பைப் பதிவிறக்கித் திறக்கும்போது, தெரியாத இடத்திலிருந்து வந்த செயலி எனக் கைப்பேசி எச்சரிக்கும். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் இந்த இசைவு ஒவ்வொரு வாயிலுக்கும் தனித்தனியே கேட்கப்படுகிறது. இணைய உலாவிக்கு இசைவளித்தால் அது வாட்ஸ்அப்பிற்குச் செல்லாது. நிறுவி முடிந்ததும் அவ்விசைவை மீண்டும் மூடிவிடுவதே முறை.

புதுப்பித்தலும் கருதத்தக்கது. கடை செய்வதுபோல் தானே வந்து சேரும் ஏற்பாடு இங்கு இல்லை. செயலி தன் இணையதளத்தை அவ்வப்போது வினவிப் புதிய பதிப்பு உண்டா எனப் பார்த்துப் பயனாளர்க்குச் சொல்லுமாறு அமைக்கலாம். சிக்னல் போன்ற செயலிகள் தம் இணையதளத்தில் ஏ.பி.கே. கோப்பையும் முத்திரையின் அடையாளத்தையும் ஒருசேர வெளியிடுகின்றன. இது பின்பற்றத்தக்க நெறி.

பெரு நிறுவனத்திற்கும் இவ்வழி எளிதாக இருந்ததில்லை. எபிக் கேம்ஸ் நிறுவனம் ஃபோர்ட்நைட் விளையாட்டின் ஆண்ட்ராய்டு வடிவத்தை 2018 ஆகஸ்டில் கடையைத் தவிர்த்துத் தன் தளத்திலிருந்தே வழங்கியது. அதன் நிறுவியில், கைப்பேசியில் முன்னரே இருக்கும் வேறொரு செயலி உள்ளே புகுந்து கோப்பை மாற்றிவைக்க இடந்தரும் குறையொன்று இருந்தது. கூகுள் பொறியாளர் அதனைக் கண்டு தெரிவிக்க, எபிக் விரைந்து திருத்தியது. பின்னர் 2020 ஏப்ரலில் அவ்விளையாட்டு கூகுள் கடைக்கும் வந்து சேர்ந்தது. பொருளும் ஆளும் மிக்க நிறுவனத்திற்கே இவ்வாறாயின், தனியொருவர் எத்துணைக் கருத்தோடிருத்தல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பாயிரம் தர வேண்டிய செய்திகள்

அவையில்லாது நூல் வெளிவருமாயின் பாயிரத்தின் பொறுப்பு மிகுகிறது. நன்னூலார் சிறப்புப் பாயிரத்திற்கு எட்டுச் செய்திகளை இலக்கணமாக வகுத்தார். ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அமைந்த முறை, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. செயலியைப் பதிவிறக்கும் பக்கத்திற்கு இவ்வெட்டும் அப்படியே பொருந்துவதைக் காண்கிறோம்.

ஆக்கியோர் பெயரும், அவரைத் தொடர்புகொள்ளும் வழியும் அப்பக்கத்தில் இருக்க வேண்டும். எவருடைய தரவுகளைக் கொண்டு ஆக்கப்பட்டது என்பதே வழி. எந்த ஆண்ட்ராய்டுப் பதிப்பு முதல் இயங்கும் என்பது எல்லை. செயலியின் பெயரோடு பதிப்பு எண்ணும் வெளியான நாளும் சேர்தல் வேண்டும். கோப்பின் அளவும், புதிய பதிப்பில் செய்த மாற்றங்களும் அமைப்பு முறையின்பாற்படும். நுதலிய பொருள் என்பதில், செயலி கேட்கும் இசைவுகள் ஒவ்வொன்றிற்கும் காரணம் கூறப்பட வேண்டும். சொல்லகராதி ஒன்று ஒலிப்பதிவுக்கு இசைவு கேட்பின் அதற்குக் காரணம் சொல்லலாம். குறுஞ்செய்திகளைப் படிக்க இசைவு கேட்குமாயின் எக்காரணமும் பொருந்தாது. யாருக்காக ஆக்கப்பட்டது, அதனால் அவர் பெறும் பயன் யாது என்பன எஞ்சிய இரண்டும். பயனாளரின் செய்திகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதையும் இதனோடு உரைத்தல் நேர்மையாகும்.

இப்பாயிரம் இல்லாத பதிவிறக்கப் பக்கத்தை நம் மாணவர் ஐயத்தோடு அணுகுவதே தக்கது.

இடைச்செருகலும் மூலபாடமும்

ஏடு பெயர்த்தெழுதும்போது பிழைகள் புகுந்ததையும், பிறர் பாடல்கள் இடையிடையே செருகப்பட்டதையும் பதிப்பாசிரியர்கள் நமக்குக் காட்டியுள்ளனர். உ.வே.சாமிநாதையர் போன்றோர் பல ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கி மூலபாடம் கண்டனர். கைமாறி வரும் ஏ.பி.கே. கோப்பிற்கும் இந்நிலை நேர்கிறது. நற்செயலியின் பெயரையும் படத்தையும் வைத்துக்கொண்டு, உள்ளே தீய நிரலைச் செருகி விடுகின்றனர்.

இங்கு ஒரு வேறுபாட்டைப் பெரியோர் மனங்கொள்ள வேண்டுகிறோம். உருவாக்கியவரின் இணையதளத்திற்கு நாமே சென்று பெறுவது நேர்வழி. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கோப்பைத் திறப்பது நேர்வழியாகாது; அது தாயும் தந்தையும் தெரியாத ஏடு. 2024ஆம் ஆண்டின் இறுதியில் இமாசலப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களின் காவல்துறையினர் இது குறித்து மக்களை எச்சரித்தனர். திருமண அழைப்பிதழ் என்னும் பெயரில் ஏ.பி.கே. கோப்பு வருகிறது. உறவினர் திருமணமாக இருக்கலாம் என எண்ணித் திறப்பவரின் கைப்பேசியில் அது செயலியாக அமர்ந்து, குறுஞ்செய்திகளைப் படிக்க இசைவு பெறுகிறது. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவெண் அயலார் கைக்குச் செல்கிறது; கணக்கிலுள்ள பணம் போகிறது; அவர் கைப்பேசியிலிருந்தே மற்றவர்க்கும் அவ்வழைப்பிதழ் பரவுகிறது. போக்குவரத்து அபராதச் சீட்டு என்னும் பெயரிலும் இவ்வாறு கோப்புகள் வந்தன.

நம் கடற்கரை ஊர்களில் அழைப்பிதழுக்கு மதிப்பு மிகுதி. நிக்காஹ் அழைப்பைத் திறவாதிருப்பதே குறையாகக் கருதப்படும். வளைகுடாவில் உழைக்கும் மகன் அனுப்பிய பணம் ஊரிலிருக்கும் உம்மாவின் கணக்கில் கிடக்கும்; அவ்வம்மையார் கையில் கைப்பேசியும் இருக்கும். ஆகவே இக்கேடு நம்மவர்க்கு மிக அண்மையிலுள்ளது. அழைப்பிதழ் படமாகவோ பி.டி.எஃப். கோப்பாகவோ காணொளியாகவோ வரும்; ஒருபோதும் செயலியாக வராது. இவ்வொரு விதியை வீட்டிலுள்ள முதியோர்க்கு மாணவர் எடுத்துச் சொல்லின் அதுவே பெருந்தொண்டாகும். பணம் பறிபோனால் காலந்தாழ்த்தாது 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

குறுஞ்செய்தி, அறிவிப்புகள் முதலியவற்றைப் படிக்க இசைவு கேட்கும் வெளிச்செயலிகள் நிறுவப்படுவதைத் தானே தடுக்கும் ஏற்பாட்டைக் கூகுள் 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரில் தொடங்கியது. இந்தியாவிலும் அதன் முன்னோட்டத்தை அவ்வாண்டு அக்டோபரில் அறிவித்தது.

மூலபாடம் காணும் வழியும் கணினியில் உண்டு. ஷா-256 என்னும் கணக்கு முறை ஒரு கோப்பு முழுவதையும் 64 குறிகள் கொண்ட ஒரு சுருக்கமாக மாற்றித் தருகிறது. கோப்பில் ஓரெழுத்து மாறினாலும் அச்சுருக்கம் முற்றிலும் வேறாகிவிடும். உருவாக்கியவர் வெளியிட்ட 64 குறிகளும், நாம் பதிவிறக்கிய கோப்பின் 64 குறிகளும் ஒத்திருப்பின் இடைச்செருகல் இல்லை எனத் துணியலாம். எவரும் இதனை ஒரு கணினியில் சில நொடிகளில் கணக்கிடலாம். செயலிக்குச் செவுள் இல்லையே என முன்னர் வினவினோம். இக்குறிகளும் முத்திரையுமே அதன் செவுள்.

ஐபோனின் நிலை

ஐபோனில் இவ்வழி நெடுங்காலம் அடைபட்டே இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சந்தைச் சட்டத்தின் விளைவாக 2024 மார்ச் முதல் அங்கே வேறு செயலிக் கடைகளும், அவ்வாண்டிலேயே இணையதளத்திலிருந்து நேராக வழங்குதலும் இசைவு பெற்றன. ஆயினும் நேராக வழங்க விரும்புவோர் ஆப்பிளின் திட்டத்தில் ஈராண்டு உறுப்பினராயிருத்தல் வேண்டும், முந்தைய ஆண்டில் ஒன்றியத்திற்குள் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட நிறுவல் பெற்ற செயலியொன்றை உடையவராயிருத்தல் வேண்டும் என நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. சிறியோர்க்கு அது எட்டாக்கனியே. இந்திய ஐபோன் பயனாளர்க்கு இவ்வாய்ப்பு அளிக்கப்படவில்லை. அவர்க்கு வேறொரு வழியுண்டு: இணையதளத்தையே செயலிபோல் அமைத்து, முகப்புத் திரையில் சேர்த்துக்கொள்ளச் செய்யலாம். சொல்லகராதி போன்ற ஆக்கத்திற்கு இது போதுமானது, ஆண்ட்ராய்டிலும் இயங்கும், ஏ.பி.கே. கோப்பின் தேவையே எழாது.

சட்டமும் வருங்காலமும்

இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20ஆம் நாள் கூகுள் நிறுவனத்திற்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கடைக்கு வெளியே செயலி வழங்கப்படுவதைத் தடை செய்யலாகாது என்பதும் அதன் ஆணைகளுள் ஒன்று. மேல்முறையீட்டில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச் 29 அன்று அபராதத்தை உறுதி செய்து, இவ்வாணை உள்ளிட்ட நான்கை நீக்கியது.

2025 ஆகஸ்டில் கூகுள் மற்றோர் அறிவிப்பை வெளியிட்டது. சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டுக் கருவிகளில் நிறுவப்படும் செயலி எவ்வழி வரினும், அதனை உருவாக்கியவர் தம் பெயர், முகவரி முதலியவற்றைக் கூகுளிடம் மெய்ப்பித்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் 2026 செப்டம்பரிலும், பிற நாடுகளில் 2027 முதலும் இது நடைமுறைக்கு வருமெனக் கூறப்பட்டது. கட்டற்ற மென்பொருள்களைத் தொகுத்து வழங்கும் எஃப்-டிராய்டு அமைப்பு இதனைக் கடுமையாக எதிர்த்தது. அதன்பின் 2025 நவம்பரில், மாணவர்க்கும் பொழுதுபோக்காக ஆக்குவோர்க்கும் தனிக்கணக்கு வகை ஒன்றும், இடரை அறிந்தே நிறுவ விரும்புவோர்க்குத் தனிவழி ஒன்றும் அமைக்கப்படும் எனக் கூகுள் தெரிவித்தது.

இவ்வழக்கில் இருபுறமும் நியாயம் உண்டு. முகமில்லாத கள்வர் பெயர் சொல்ல அஞ்சுவர். ஆகவே பெயர் கேட்பது எளியோரைக் காக்கும். எனினும் ஒருவர் தம் இணையதளத்தில் தம் ஆக்கத்தை வைப்பதற்கும் ஒரு தனி நிறுவனத்தின் ஏட்டில் பெயர் பதிந்தாக வேண்டும் என்றால், நேர்வழி முழுமையான நேர்வழியாக இராது. மதுரைத் திட்டமும் எ-கலப்பையும் எவரிடமும் இசைவு கேட்டுப் பிறக்கவில்லை என்பதை இங்கு நினைத்தல் தகும்.

முடிவுரை

கடை நீங்கினாலும் கடையின் கடமைகள் நீங்குவதில்லை. அவற்றுள் ஒரு பகுதி ஆக்கியோனையும் மறுபகுதி பயனாளரையும் வந்தடைகின்றன. பெயர் கூறல், முத்திரையிடல், சாவி காத்தல், பிழை திருத்திப் புதிய பதிப்பு அளித்தல் ஆகியன ஆக்கியோன் கடன். உரிய தளத்திற்குச் சென்று பெறுதல், கேட்கும் இசைவுகளை ஆராய்தல், குறிகளை ஒப்பிடல், வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் திறவாதிருத்தல் ஆகியன பயனாளர் கடன். இரு கடன்களும் நிறைவேறுமிடத்தில் நேர்வழி தமிழ்க்கு ஆக்கம் தரும். ஒன்று தவறினும் எளியோர் பணம் போகும்.

நம் கல்லூரிக்கு ஒரு கருத்தை இங்கு முன்வைக்க விரும்புகிறோம். கடற்கரைச் சொற்றொகுதி போன்ற ஆக்கங்களை மாணவர் செய்வாராயின், அவற்றைக் கல்லூரி இணையதளத்தில், நன்னூலார் வகுத்த எட்டுச் செய்திகளும் அமைந்த பாயிரத்தோடு தமிழ்த்துறையே வெளியிடலாம். வெளியிடுமுன் ஆசிரியர் சிலரும் கணினித்துறையினரும் கூடிச் சோதித்தால், அதங்கோட்டாசான் இருந்த அவையின் பணியும் ஓரளவு நிறைவேறும். இணையதளத்தில் உள்ள 64 குறிகளைக் கள்வர் புகுந்து கோப்போடு சேர்த்து மாற்றிவிட முடியும். தாளில் அச்சாகி ஊரெங்கும் வீடுகளுக்குச் சென்றுவிட்ட மலரை எவரும் அவ்வாறு மாற்ற இயலாது. ஆதலின் அச்செயலியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் 64 குறிகளையும் அடுத்த ஆண்டு மலரின் ஒரு பக்கத்தில் அச்சிடுவோமாக. ஐயுறுவோர் மலரை எடுத்து வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.